அப்பா கேட்ட ஜெபங்கள்

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணி ஆனதும் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். மர்பி டவுனில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் கூடத்தில் தும்முவோம். பக்கத்து வீட்டுக் கன்னட சீரியல், தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி, இந்திரா நகர்ப் பக்கம் குடிக்கப் போகிற பையன்களின் பைக்குகள் என்று எல்லாச் சத்தமும் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். கோடையிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். அதன் கடகடப்பும் கவனத்தைக் கெடுக்குமாம். கைபேசிகள் வந்த பிறகு எல்லோருடையதையும் வாங்கி ஓர் எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, சமையலறையில் வைத்துவிட்டு வருவார். அப்புறம் குடும்ப ஜெபம். அம்மா, அண்ணன், நான் மூவரும் பாயில் முழங்காலிட வேண்டும். அப்பா கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பார். அவர் முடிக்கும்போது எங்கள் கால்கள் மரத்துப்போயிருக்கும்.

"இந்த ஊரு முதல்ல கண்ணையும் காதையும் வாங்கிக்கும். அப்புறம்தான் ஆத்துமாவைக் கேக்கும்," என்பார்.

அப்பா ஓர் அரசுத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். குடித்ததில்லை, புகைத்ததில்லை, தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. சபையில் ஞாயிறு பள்ளியை நடத்தினார். யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் முதலில் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவர் ஜெபித்தால் கேட்கப்படும் என்று ஒரு பேச்சு இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது நியாயமாக இருக்காது.

மற்றதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் பள்ளி முடித்துப் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டைப்பையில் சினிமா டிக்கெட் ஒன்று அகப்பட்டது. அப்பா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முன்னால் முழங்காலிட வைத்தார். "என்ன பாத்தேன்னு சொல்லு. முதல்லேருந்து சொல்லு. இவங்களும் கேக்கட்டும்," என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். பிள்ளைகளுக்கு ஆறேழு வயதுதான் இருக்கும். அவர்களுக்கு அது நல்ல கதையாகப் பட்டது. கதாநாயகன் வேலைக்காரன் வேஷத்தில் பெண் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பையன் சிரித்துவிட்டான். உடனே எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். "பாத்தியா, இப்ப இத்தனை பிள்ளைங்க பாவமும் உன் தலையில," என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அழவில்லை. அவன் முகத்தில் அன்று ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. அது பிறகு திறக்கவே இல்லை.

அவன் படித்து, வேலைக்குப் போய், கூட வேலைபார்த்த ஒரு கன்னடப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு புனேவுக்குப் போய்விட்டான். அந்த வாரத்திலிருந்து அப்பாவின் ஜெபத்தில் அவன் பெயர் இல்லை. ஊரில் உள்ள ஊழியக்காரர்கள், சபையின் விதவைகள், மின்கம்பத்திலிருந்து விழுந்த பக்கத்துத் தெரு லைன்மேன் எல்லோருக்காகவும் ஜெபிப்பார். அண்ணனுக்காக மட்டும் இல்லை. ஒருமுறை அம்மா 'ஆமென்' சொல்வதற்கு முன்னால் அவன் பெயரை முணுமுணுத்துவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்து, "இன்னொரு வாட்டி அந்தப் பேரு இந்தக் கூடத்துல கேட்டா, நீயும் அங்கேயே போயிடலாம்," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் எதையுமே சத்தம் போட்டுச் சொல்வதில்லை.

எனக்கு இந்த நகரம் ஒரு பெரிய சோதனையாக இருந்ததே இல்லை. வெளிவட்டச் சாலையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமை மாலையானால் கூட இருப்பவர்கள் எங்காவது கூப்பிடுவார்கள். போகாவிட்டாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அலுவலக வேன் நெரிசலில் நிற்கும்போது நானாக இரண்டு வார்த்தை ஜெபித்துக்கொள்வேன். அந்த ஜெபம் எனக்குப் பிடித்திருந்தது. யாரும் கேட்காத ஜெபம். வீட்டு ஜெபத்தில்தான் என் மனம் நிற்காது. அப்பா வேண்டிக்கொண்டிருக்கும்போது நான் நாளைக்கு எந்தச் சுடிதார் போடலாம், மாதக் கடைசி வேலை எப்போது முடியும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

என்னோடு வேலைபார்த்த ஒருவருக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அத்திபெலேயில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு ஹார்டுவேர் கடை. தமிழ்க் கத்தோலிக்கர்கள். முறையாகப் பேச வேண்டும் என்று அவர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மா கேக்கும் டீயும் வைத்தாள். அப்பா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க மாதாவைக் கும்புடறவங்கதானே?" என்று கேட்டார். அந்த அம்மாள் ஆமாம் என்றார். "அப்ப முதல்ல ஜெபம் பண்ணிடலாம்," என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார். வீட்டுக்கு வந்த இருவரும் விக்கிரக ஆராதனையிலிருந்து விடுபட வேண்டும், இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று அவர்கள் எதிரிலேயே உருகி உருகி வேண்டினார். டீ ஆறி ஆடை கட்டியது. அந்த அம்மாள் கையில் ஜெபமாலை இருந்தது. அதை மெல்லச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு எழுந்தார். "போலாம்பா," என்று மகனிடம் சொன்னார். அவ்வளவுதான். அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் இதே கூடத்தில், இதே மாதிரி முடிந்தன. எனக்கு நாற்பது ஆகப்போகிறது.

அப்பா விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனைக்குப் புறப்பட்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பீரோவில் இடித்துச் சரிந்த சத்தம் கேட்டு ஓடினோம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா உயிர் பிழைத்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

பேச்சு என்றால் முழுவதும் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. 'சரி.' தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. ஊசி போட வரும்போது பயந்து கையை இழுத்துக்கொண்டே சரி, சரி என்பார். வாழ்நாள் முழுக்க 'கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சின்ன வயது. கன்னடக்காரி. எங்களுக்காகத் தமிழில் பேசினாள். "அங்கிளுக்கு நாம பேசறது எல்லாம் புரியுது ஆன்ட்டி. வாயில வர்றதுதான் அந்த ஒரே வார்த்தை. அவர் சரின்னு சொன்னா சரின்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க," என்றாள்.

அம்மா கேட்டாள், "எல்லாம் புரியுதா? நிஜமாவே புரியுதா?"

"நூறு பர்சென்ட் ஆன்ட்டி. ஞாபகமும் நல்லா இருக்கு."

அம்மா கவலையில் கேட்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்திலேயே கட்டில் போட்டோம். முதல் நாள் இரவு எட்டு மணி ஆனது. பழக்கத்தில் நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். "திறந்தே இருக்கட்டும், புழுங்குது," என்றாள் அம்மா. மின்விசிறி ஓடியது. எதிர்வீட்டு டிவி கேட்டது. அம்மா முழங்காலிடவில்லை. அப்பாவின் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். நான் பாயில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அம்மா வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை. பெண்கள் நடத்தக்கூடாது என்பது அப்பாவின் இன்னொரு சட்டம்.

அம்மா தயங்கவே இல்லை. "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தாள். குரல் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரிக்காக, ஆட்டோக்காரருக்காக நன்றி சொன்னாள். பிறகு, "என் மகனுக்காக வேண்டிக்கிறேன்," என்று அண்ணன் பெயரைச் சொன்னாள். அவன் மனைவி பெயரைச் சொன்னாள். அவர்களுக்குப் பிறந்த குழந்தையின் பெயரைச் சொன்னாள். அந்தக் குழந்தை இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. அம்மா அண்ணனோடு போனில் பேசிவந்தது எனக்கும் தெரியாது. அப்பாவின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"இவர் அந்தப் பேரை இந்த வீட்ல சொல்லக்கூடாதுன்னாரு. இப்ப சொல்லலாமாங்க?" என்று அம்மா கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்.

"சரி," என்றார் அப்பா.

"ஆமென்," என்றாள் அம்மா.

மறுநாள் அவள் தன் தங்கையைப் பற்றி ஜெபித்தாள். சித்தி ஸ்ரீராம்புரத்தில் இருந்தாள். மாநகராட்சியில் வேலைபார்த்த ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டவள். ஒரு பொங்கலுக்கு நாங்கள் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று அப்பாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுப் பேச்சே கூடாது என்றாகிவிட்டது. சித்தி புற்றுநோயில் இறந்தபோது அப்பா அம்மாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனார். தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டதும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "அந்தச் சடங்கெல்லாம் முடியட்டும்," என்றார். சடங்கு முடிந்ததும் பாடை கிளம்பிவிட்டது. அம்மா ஆட்டோவுக்குள்ளிருந்து தன் தங்கையின் பூப்போட்ட பாடை எதிரே வந்து, கடந்து, போவதைப் பார்த்தாள். இந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. பிணத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

"உமக்குத் தெரியாதது இல்ல ஆண்டவரே. நீர் பாத்துக்கிட்டுதான் இருந்தீர். ஆனாலும் சொல்றேன். இவர் காதுல விழணும்," என்று முடித்தாள்.

தினமும் ஒன்று. அம்மா அவசரப்படவில்லை. பகலெல்லாம் அப்பாவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். வெந்நீரில் துடைத்துவிடுவாள். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊதி ஊட்டுவாள். முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் பாராட்டினார்கள். எட்டு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போடுவாள். கஞ்சி ஊட்டிய அதே மெல்லிய குரலில் ஆரம்பிப்பாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டால் எழுந்து போய்த் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். "ஜெப நேரத்துல கவனம் சிதறக்கூடாதுங்க," என்பாள். அது அப்பா எங்களிடம் சொல்லும் வாக்கியம்.

ஒரு நாள் அவள் சொன்னது எனக்குப் பிறகு உண்டான குழந்தையைப் பற்றி. ஐந்தாம் மாதம். மத்தியானத்திலிருந்து உதிரம் போய்க்கொண்டிருந்தது. அல்சூரில் ஆஸ்பத்திரி. நடந்தே போகலாம். அப்பா அன்று உபவாசத்தில் இருந்தார். "டாக்டர்கிட்ட ஓடறது அவிசுவாசம். கர்த்தர் நிறுத்துவார்," என்று கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுவிட்டார். நான் பக்கத்து வீட்டில் தூங்கியதும், அவர்கள் எனக்குப் பன்னும் பாலும் கொடுத்ததும் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. எதற்காக அங்கே தூங்கினேன் என்று யாரும் சொன்னதில்லை.

"பொண்ணு, ஆண்டவரே. நானே பாத்தேன். இவர் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு, அதனால பாக்கல," என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "பாத்தீங்களா? இல்லதானே?"

"சரி... சரி... சரி," என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். இடது கை விரல்கள் போர்வையைப் பிறாண்டின.

அன்று பாத்திரம் கழுவும்போது நான் கேட்டேன். "அம்மா, இதுக்குப் பேரு ஜெபமா?"

அவள் குழாயை மூடவில்லை. "அவர் பண்ணதுக்கு என்ன பேரு?"

"அவரால திருப்பிப் பேச முடியலையேம்மா."

"நான் மட்டும் பேசினேனா? முழங்கால் தேய உக்காந்து கேட்டேன்ல. இப்ப அவர் கேக்கட்டும். படுத்துக்கிட்டுதானே கேக்கறாரு." தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரங்களில் நான் அலுவலகத்திலிருந்து முன்னாலேயே கிளம்பும் வேனைப் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று மனம் பறந்தது. வழியில் சிக்னலில் நின்றால் எரிச்சல் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகக் குடும்ப ஜெபத்தில் என் கவனம் ஒரு கணம்கூடச் சிதறவில்லை. நகரத்தின் எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. அப்பா ஆயுள் முழுக்கப் பாடுபட்டும் எனக்குள் கொண்டுவர முடியாத ஒன்று, அவரை இப்படிப் பார்த்ததும் வந்துவிட்டது. வேனில் நானாகச் செய்துவந்த ஜெபம் நின்றுபோனதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

பிறகு ஒரு நாள் அம்மா, "இன்னிக்கு நீ பண்ணு," என்றாள். நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். அத்திபெலேயிலிருந்து வந்த அந்த அம்மாளையும், ஆறிப்போன டீயையும், அவர் மகனையும் பற்றிச் சொன்னேன். அவருக்குக் கல்யாணமாகி இப்போது இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். இந்தக் கூடத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று நடுநடுவே போட்டுக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. எதையோ சொல்லத் தவித்தார். வாயைத் திறந்தார், மூடினார், கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் "சரி" என்றுதான் வந்தது. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்னால் அண்ணன் வந்தான். தனியாகத்தான் வந்தான். பேக்கை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் போய் நின்றான். அப்பா இடது கையைத் தூக்கினார். அவன் தலையைத் தொடவோ, கையைப் பிடிக்கவோ. கை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. அவன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அப்பாவின் கை போர்வை மேல் விழுந்தது. அவன் வேண்டுமென்று செய்தான் என்று நான் நினைக்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் தேவலை.

அன்று எட்டு மணிக்கு அம்மா ஞாயிறு பள்ளியைப் பற்றி ஜெபித்தாள். அண்ணன் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

"விடும்மா. பாக்கவே பாவமா இருக்கு."

"உனக்குப் பாவமா இருக்கா? நல்லது. நீ வெளியூர்ல இருக்கே, உனக்கு இருக்கட்டும்," என்றாள் அம்மா.

"ஒரு நல்ல ஹோம் பாத்து சேத்துடலாம். நான் ஏற்பாடு பண்றேன்."

"அவர் எங்கேயும் போக மாட்டாரு. கேளு அவரையே. ஏங்க, இங்கேயே இருக்கீங்களா?"

"சரி," என்றார் அப்பா. அண்ணன் மறுநாள் மத்தியான விமானத்துக்கே கிளம்பிவிட்டான்.

அந்த மாதமே போதகர் சபை மூப்பர் ஒருவரோடு வீட்டுக்கு வந்தார், அப்பாவுக்கு நற்கருணை கொடுப்பதற்காக. அம்மா கட்டில் விரிப்பை மாற்றி, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டிருந்தாள். போதகர் அப்பத்தைச் சிறிதாகக் கிள்ளி நாக்கில் வைத்தார். திராட்சரசத்தை ஸ்பூனில் ஊட்டினார். எல்லாம் முடிந்து எழப் போனபோது அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. போதகரை உற்றுப் பார்த்து, "சரி... சரி... சரி..." என்று அழுதார். பார்வை அம்மாவிடம் போகும், மறுபடி போதகரிடம் வரும். அம்மாவிடம் போகும், மறுபடி வரும். எச்சில் ஒழுகியது. ஒரு சின்னக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றியது.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, நற்கருணை எடுத்ததுல எவ்வளவு சந்தோஷம் ஐயாவுக்கு. மனைவியை எப்படிப் பாக்கறார், நன்றியோட," என்றார் மூப்பரிடம். பிறகு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே அம்மாவிடம், "உங்க பொறுமைக்குக் கர்த்தர் பலன் தருவார்மா. வீட்ல குடும்ப ஜெபம் நடக்குதுல்ல?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் விடறதில்ல பாஸ்டர்," என்றாள் அம்மா.

மூப்பர் என் பக்கம் திரும்பி, "அப்பா எதாச்சும் சொல்ல வர்றாராம்மா?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் ஏதோ பட்டிருக்கிறது.

"இல்ல அங்கிள். யார் வந்தாலும் இப்படித்தான்," என்றேன்.

அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்று எட்டு மணிக்கு அம்மா தாடையைப் பிடித்துத் திருப்பியும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் ஜெபத்தில் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் காதை என்ன செய்ய முடியும்? அம்மா குனிந்து காதருகே பேசினாள்.

பிப்ரவரியில் நிமோனியா வந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அடக்க ஆராதனைக்குச் சபைக் கோயில் நிரம்பிவிட்டது. அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அண்ணனை முழங்காலிட வைத்த அன்று சிரித்த பையன்களில் ஒருவன் சாட்சி சொன்னான். இந்தப் பட்டணத்தில் தான் கெட்டுப்போகாமல் இருப்பதற்கு ஐயாதான் காரணம் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் பொய் சொல்லவில்லை. போதகர் பேசும்போது, அந்த வீட்டில் கடைசி நாள்வரை ஜெபம் ஓயவில்லை என்றார். அதுவும் பொய் இல்லை. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் அழுதாள். பாவனை என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே விம்மி விம்மி அழுதாள்.

அடக்கம் முடிந்து, அண்ணனும் உறவினர்களும் போனபின், மறுநாள் இரவு நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். கட்டிலை மடக்கிப் பின்கட்டில் வைத்தாகிவிட்டது. எட்டு மணிக்கு அம்மா நாற்காலியை எடுத்துவந்து அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். எதிரே வெறும் தரை. நான் பாயில் உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே," என்றாள்.

நான் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. அவள் மறுபடியும், "ஆண்டவரே," என்றாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். சொல்வதற்கு எதுவும் வரவில்லை. அவளுக்கு இன்னும் எத்தனையோ சொல்ல இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் கடவுளிடம் மட்டும் சொல்ல அவளுக்கு மனமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, "சாதம் ஆறிடும், வா," என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இல்லை. நிறுத்தலாம் என்று நாங்கள் பேசி முடிவுசெய்யவில்லை. எட்டு மணிக்கு ஏதாவது வேலை இருக்கும். வேனில் நான் திரும்பவும் முயன்று பார்த்தேன். கண்ணை மூடினால் போதகரின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கை வருகிறது. திறந்துவிடுகிறேன். சிக்னலைப் பார்க்கிறேன், பக்கத்து பஸ்ஸில் நிற்கிறவர்களின் முகங்களைப் பார்க்கிறேன், மெட்ரோ தூண்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் படிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. காலைத் தமிழ் ஆராதனைக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். பாவ அறிக்கை செய்யும் நேரத்தில் சபை முழுவதும் ஒரே குரலில் சொல்லும். நானும் சொல்கிறேன். வார்த்தைகள் தாமாக வருகின்றன, அவற்றில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நிற்கிறாள். பாவ அறிக்கை தொடங்கியதும் அவள் மட்டும் சொல்வதை நிறுத்திக்கொள்கிறாள். முந்தானையைச் சரிசெய்கிறாள், கண்ணாடியைத் துடைக்கிறாள், நேராகப் பலிபீடத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். எல்லோரும் சொல்லி முடித்துப் போதகர் மன்னிப்பை அறிவிக்கக் கையை உயர்த்தும்போது, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் தலையைக் குனிந்துகொள்கிறாள். போன வாரமும் அப்படித்தான் செய்தாள்.